வகுப்பை வெளியே கூட்டிப்போய்க் குழு ஆட்டங்கள் நடத்துவது எப்படி: முதல் தடவை பொறுப்பெடுப்பவர்களுக்கு

பள்ளிப் பிள்ளைகளை வெளியே கூட்டிப்போய்க் குழு ஆட்டங்கள் நடத்தும் பொறுப்பு முதல் தடவை வரும்போது பெரும்பாலும் எல்லோரும் ஒரே மாதிரிதான் தயாராகிறோம். பதினைந்து இருபது ஆட்டங்களை எழுதிவைத்துக்கொண்டு, பை நிறையப் பந்தும் கயிறும் எடுத்துக்கொண்டு, ஒன்று முடிந்த கையோடு அடுத்ததைத் தொடங்கி, நேரம் தீரும்வரை ஓட்டிவிடுவோம். பிள்ளைகளும் வியர்த்துச் சிரித்துக் குஷியாகத் திரும்புவார்கள். மறுநாள் வகுப்புக்குள் போய்ப் பார்த்தால் அதே நாலு பேர் அதே மூலையில் இருப்பார்கள், தனியாக இருந்த பிள்ளை இன்னும் தனியாகவே இருக்கும். நானும் பல வருடம் இப்படித்தான் நடத்தினேன். அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன், அரை நாளுக்கு மூன்று ஆட்டம் போதும். நடுவில் என்ன செய்வதென்று தெரியாமல் அவர்கள் முட்டிமோதும் சில நிமிடங்களும், முடிந்தபிறகு உட்கார்ந்து அதைப் பற்றிப் பேசும் பத்து நிமிடங்களும்தான் அவர்களை ஒன்றாகச் சேர்க்கின்றன. நீங்கள் செய்கிற மற்ற வேலையெல்லாம் அந்த நிமிடங்களுக்கு இடம் அமைத்துக் கொடுக்கத்தான்.

முதல் வேலை: இடத்தைப் போய்ப் பாருங்கள்

ஒரு நாள் முன்னதாக, ஆட்டம் நடக்கப்போகும் அதே நேரத்துக்குப் போங்கள். காலையில் நிழலாக இருக்கும் இடம் பதினொரு மணிக்கு வெட்டவெளியாகிவிடும். குறுக்கும் நெடுக்கும் நடந்து பாருங்கள். குழி, நீட்டிக்கொண்டிருக்கும் வேர், கண்ணாடித் துண்டு, எறும்புப் புற்று எல்லாம் நடந்தால்தான் கண்ணில் படும். தலையை உயர்த்தி மரத்தில் தேன்கூடு, குளவிக்கூடு இருக்கிறதா என்றும் பாருங்கள். குடிதண்ணீர், கழிப்பறை, உட்கார நிழல் மூன்றும் கிட்டத்தில் இல்லாத இடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

அப்புறம் பெற்றோரிடமிருந்து விவரம் வாங்குங்கள். ஆஸ்துமா, வலிப்பு, ஒவ்வாமை, சமீபத்தில் எலும்பு முறிந்தது, வழக்கமாக எடுக்கும் மருந்து எல்லாம் அதில் இருக்க வேண்டும். இன்ஹேலர் தேவைப்படும் பிள்ளையின் இன்ஹேலர், பைகளை வைத்திருக்கும் அறையில் இருந்து பயனில்லை, கூட நிற்கும் பெரியவர் கையில் இருக்க வேண்டும். இடிச் சத்தம் கேட்டால் ஆட்டம் எந்தக் கட்டத்தில் இருந்தாலும் நிறுத்திவிட்டுக் கட்டடத்துக்குள் போய்விடுங்கள், மரத்தடியில் ஒதுங்கவே கூடாது. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழிந்தபிறகுதான் மறுபடி வெளியே வர வேண்டும். எங்கே ஒதுங்குவது என்பதையும் முதல் நாளே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

பொருட்கள் அதிகம் தேவையில்லை. கைக்கு உறுத்தாத கனமான பருத்திக் கயிறு ஒரு 20 மீட்டர், ஒரு தார்ப்பாய், ஐந்தாறு மென்பந்துகள், இரண்டரை மீட்டர் நீளத்துக்கு ரொம்ப லேசான ஒரு குச்சி, கண்கட்டுத் துணி, விசில், முதலுதவிப் பெட்டி. கண்கட்டுத் துணி மட்டும் ஆளுக்கு ஒன்று இருக்க வேண்டும், ஒருவர் கட்டியதை இன்னொருவர் கட்டினால் கண்நோய் எளிதாகப் பரவும்.

குழு எவ்வளவு பெரிதாக இருக்கலாம்?

எட்டிலிருந்து பத்துப் பேர். அதற்கு மேல் போனால் நாலு பேர் வேலை செய்வார்கள், மற்றவர்கள் அவர்களுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வார்கள். இது பிள்ளைகளிடம் மட்டும் இருக்கும் குணமும் இல்லை. மாக்ஸ் ரிங்கல்மான் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர் ஆட்களைக் கயிறு இழுக்க வைத்து அளந்து 1913-ல் எழுதினார். ஆள் கூடக்கூட ஒவ்வொருவரும் போடும் பலம் குறைந்துகொண்டே போனது, எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது தனித்தனி பலங்களைக் கூட்டினால் வரவேண்டியதில் ஏறக்குறைய பாதிதான் வந்தது. இழுப்பது ஒரே நேரத்தில் சேராமல் போனது ஒரு காரணம், நான் கொஞ்சம் விட்டால் யாருக்குத் தெரியும் என்பது இன்னொன்று. சின்னக் குழுவில் ஒளிய இடமில்லை. நாற்பது பேர் கொண்ட வகுப்பென்றால் நாலு குழு, குழுவுக்கு ஒரு பெரியவர். பெரியவர்கள் இரண்டு பேர்தான் இருக்கிறார்கள் என்றால் வகுப்பையே இரண்டு நாளாகப் பிரித்துக் கூட்டிப்போங்கள்.

பிரிப்பதில் ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். இரண்டு தலைவர்களை நிறுத்தி "உனக்கு யார் வேண்டும், எடு" என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். கடைசியாக மிஞ்சும் பிள்ளை, தன்னை யாரும் விரும்பவில்லை என்பதை எல்லோர் முன்னாலும் நின்று கேட்டுக்கொள்கிறது. அதற்குப் பிறகு நீங்கள் எந்த ஆட்டம் நடத்தினாலும் அந்தப் பிள்ளைக்கு அது காதில் ஏறாது. பதிலாக இப்படிச் செய்யுங்கள்: எல்லோரும் வாய் திறக்காமல், பிறந்த மாதம் தேதி வரிசைப்படி ஒரே வரிசையாக நிற்க வேண்டும். விரலால் காட்டலாம், காற்றில் எழுதலாம், பேசக்கூடாது. நின்றதும் ஒவ்வொருவராகத் தேதியைச் சொல்லச் சொல்லுங்கள், நடுவில் இடம் மாறி நிற்பவர்களைக் கண்டுபிடித்துச் சிரிப்பார்கள். அப்படியே ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று எண்ணிப் பிரித்துவிட்டால் நண்பர்கள் கும்பல் தானாகக் கலைந்துவிடும். முதல் ஆட்டமும் முடிந்தது, குழுவும் பிரிந்தது.

போட்டியை முதலில் வைக்காதீர்கள்

புதிதாக வருபவர்கள் எல்லோருக்கும் கை அரிக்கும், எந்தக் குழு முதலில் முடிக்கிறதோ அதற்குப் பரிசு என்று சொல்லிவிடலாம் என்று. சொன்னால் சத்தமும் உற்சாகமும் உடனே வரும், உண்மைதான். ஆனால் அந்த உற்சாகம் எங்கே போய் நிற்கும் என்று காட்டிய ஒரு பழைய பரிசோதனை இருக்கிறது. 1954-ல் முசாஃபர் ஷெரிஃப் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவும் அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் ராபர்ஸ் கேவ் என்ற இடத்தில் ஒரு கோடை முகாம் நடத்தினார்கள். பதினொரு வயதுள்ள 22 பையன்கள், இரண்டு குழு. ஒன்றோடொன்று மோதும் போட்டிகளைப் பரிசு வைத்து நடத்தினார்கள். சில நாட்களிலேயே ஒரு குழு மற்றதன் கொடியை எரிக்கும் அளவுக்குப் பகை முற்றியது. சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட வைத்துப் பார்த்தார்கள், சாப்பாட்டை ஒருவர்மீது ஒருவர் வீசிக்கொண்டதுதான் மிச்சம். இரண்டு குழுவும் சேர்ந்தால்தான் முடியும் என்ற வேலைகள் வந்தபிறகே நிலைமை மாறியது. முகாமுக்கு வரும் தண்ணீர் நின்றுபோனதைச் சேர்ந்து சரிசெய்தார்கள், நின்றுபோன லாரியைச் சேர்ந்து இழுத்தார்கள். லாரியை இழுக்க அவர்கள் எடுத்தது, ஒருவரையொருவர் எதிர்த்துக் கயிறு இழுத்த அதே கயிறு.

இன்று பிள்ளைகளை வைத்து இப்படியொரு பரிசோதனை நடத்த யாரும் விடமாட்டார்கள், அதன்மேல் நியாயமான விமர்சனங்களும் உண்டு. ஆனால் அந்தக் கயிற்றை நான் மறப்பதில்லை. அதே பொருளைக் கொடுத்துப் பிரிக்கவும் செய்யலாம், சேர்க்கவும் செய்யலாம். ஆகவே முதல் நாளில் குழுக்களை ஒன்றோடொன்று மோதவிடாதீர்கள். ஒவ்வொரு குழுவும் தன் பழைய நேரத்தைத் தானே முந்தட்டும், இல்லையென்றால் எல்லாக் குழுக்களும் சேர்ந்து ஓர் இலக்கைத் தொடட்டும்.

கயிறு என்றதும் ஒரு எச்சரிக்கை. கயிறு இழுக்கும் போட்டி எப்போதாவது வைத்தால் பிள்ளைகள் கயிற்றைக் கையிலோ இடுப்பிலோ சுற்றிக்கொள்ள விடாதீர்கள், அந்த வேலைக்கென்று செய்யாத நைலான் கயிற்றைத் தொடவே தொடாதீர்கள். 1997-ல் தைபேயில் 1,600-க்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்து இழுத்தபோது நைலான் கயிறு அறுந்து இரண்டு பேரின் கை துண்டானது. இழுபடும் நைலான் ரப்பர் மாதிரி நீண்டு விசையைத் தேக்கிவைக்கும், அறுந்தால் அத்தனை விசையும் ஒரே நொடியில் திரும்பி அடிக்கும்.

எந்த ஆட்டங்கள்?

எட்டு வயதுக்குக் கீழே என்றால் திட்டம் போடச் சொல்லும் ஆட்டம் வேண்டாம், ஐந்து நிமிடத்துக்கு மேல் இழுக்கவும் வேண்டாம். வட்டமாகக் கைகோத்து நிற்க வைத்து, ஒரு பெரிய வளையத்தை ஒரு கைமேல் மாட்டிவிட்டு, கையை விடாமல் அதை ஒவ்வொருவராகப் புகுந்து சுற்றிவரச் செய்யுங்கள். பக்கத்தில் இருப்பவன் நுழைய நான் கையைத் தூக்கிக்கொடுக்க வேண்டும் என்பது அந்த வயதுக்குப் போதுமான பாடம். கீழே சொல்பவை ஒன்பது பத்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு.

பந்தில் தொடங்குங்கள். பத்துப் பேர் வட்டமாக நின்று, பெயரைக் கூப்பிட்டுப் பந்தை எறிய வேண்டும், எல்லோரிடமும் ஒரு தடவை மட்டும் போய்க் கடைசியில் தொடங்கியவரிடமே வர வேண்டும். யார் யாருக்கு எறிந்தார்கள் என்ற வரிசையை நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இரண்டு மூன்று சுற்று ஓடியதும் நேரம் பாருங்கள், அரை நிமிடம் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். "இதே வரிசையில் பந்து எல்லோர் கையிலும் பட வேண்டும், எவ்வளவு சீக்கிரம் முடியும்?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். முதலில் வேகமாக எறிவார்கள், பந்து தவறி விழும். அப்புறம் வட்டத்தைச் சுருக்குவார்கள். கொஞ்ச நேரத்தில் யாராவது ஒருவர், பெரும்பாலும் அதுவரை பேசாத ஒருவர், "நாம் ஏன் எறிந்த வரிசைப்படியே பக்கத்தில் பக்கத்தில் நிற்கக்கூடாது?" என்று கேட்பார். இடம் மாறக்கூடாது என்று நீங்கள் சொல்லவே இல்லையே! இரண்டு மூன்று நொடிக்கு வந்துவிடுவார்கள். முதல் தடவை அந்த யோசனையைச் சொன்னபோது யாராவது கேட்டார்களா, எத்தனை தடவை சொல்ல வேண்டியிருந்தது என்று நீங்கள் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் உட்கார்ந்து பேசுவதற்கு அது போதும்.

எனக்கு மிகவும் பிடித்தது குச்சியை இறக்கும் ஆட்டம். நாலு பேர் இந்தப் பக்கம், நாலு பேர் அந்தப் பக்கம் எதிரெதிரே நின்று ஆள்காட்டி விரலை நீட்ட வேண்டும். விரல்களின்மேல் லேசான குச்சியை மார்பு உயரத்தில் வையுங்கள். யாருடைய விரலும் குச்சியிலிருந்து விலகக்கூடாது, பிடிக்கவும் கூடாது, குச்சியைத் தரையில் இறக்க வேண்டும், அவ்வளவுதான். நீங்கள் கையை எடுத்ததும் குச்சி மேலே போகும். யாருமே தூக்கவில்லை என்று எல்லோரும் சத்தியம் செய்வார்கள், எல்லோரும் உண்மையைத்தான் சொல்வார்கள். விரல் விலகிவிடக் கூடாதே என்று ஒவ்வொருவரும் மயிரிழை அளவு மேலே அழுத்துகிறார்கள், எட்டுப் பேருடைய அந்தச் சின்ன அழுத்தம் சேர்ந்தால் குச்சியின் எடையைவிட அதிகம். கனமான கம்பு வைத்தால் இது நடக்காது, அதனால்தான் லேசான குச்சி வேண்டும் என்றேன். ஒரு நிமிடத்துக்குள் "நீதான் தூக்குகிறாய்" என்று பழிபோட ஆரம்பிப்பார்கள். நிறுத்தாதீர்கள், கைகலப்புக்குப் போனால் மட்டும் தலையிடுங்கள். ஒரு கட்டத்தில் ஒரு பிள்ளை "எல்லோரும் மெதுவாக, நான் எண்ணுகிறேன்" என்று சொல்லும், குச்சி இறங்கத் தொடங்கும்.

தார்ப்பாயைப் புரட்டுவது எல்லோருக்கும் தெரிந்ததுதான். குழு முழுவதும் தார்ப்பாய்மேல் நின்றுகொண்டு, யாரும் தரையில் கால் வைக்காமல் அதை மறுபக்கம் திருப்ப வேண்டும். நின்றபிறகு பாதி இடம் காலியாக இருக்கும் அளவுக்குப் பாய் பெரிதாக இருக்கட்டும். பன்னிரண்டு பதின்மூன்று வயதில் ஆண்பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும் ஒட்டி நிற்கக் கூச்சப்படுவார்கள். அந்தக் கூச்சத்தைக் கிண்டல் செய்யாமல் இன்னும் பெரிய பாய் எடுங்கள், இல்லையென்றால் இந்த ஆட்டத்தையே விட்டுவிடுங்கள். முதுகில் ஏறிக்கொள்வது கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கொஞ்சம் பழகியபிறகு கண்கட்டுச் சதுரம். 20 மீட்டர் கயிற்றின் இரு முனையையும் முடிந்து வளையமாக்கி, கண் கட்டிய பத்துப் பேரிடம் கொடுத்து, "இதைச் சதுரமாக்கி நில்லுங்கள், கயிற்றை யாரும் முழுதாக விடக்கூடாது, இருபது நிமிடம்" என்று சொல்லுங்கள். முதல் ஐந்து நிமிடம் பத்துப் பேரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். காது இருந்தும் கேட்காத நிலை என்றால் என்ன என்று அப்போது பார்க்கலாம். கயிற்றை இரண்டாக மடித்து, மறுபடி மடித்தால் நாலு மூலையும் கிடைத்துவிடும் என்பதைச் சிலர் கண்டுபிடிப்பார்கள், ஆனால் கண்டுபிடிப்பதைவிட அதை ஒன்பது பேருக்கு வாயால் புரியவைப்பதுதான் கஷ்டம். கண் கட்டப் பயப்படும் பிள்ளை கண்ணை மூடிக்கொள்ளட்டும், அதுவும் வேண்டாமென்றால் கண் திறந்து வெளியே நின்று யாரும் எதிலும் இடித்துவிடாமல் பார்த்துக்கொள்ளட்டும், அது நிஜமான, தேவையான வேலை.

கைகளைப் பின்னிக்கொண்டு சிக்கல் அவிழ்க்கும் ஆட்டத்தைப் பலரும் கேட்கிறார்கள். நடத்தலாம், ஆனால் கைக்குக் கை பிடிக்காமல் ஆளுக்கு ஒரு கைக்குட்டையைக் கொடுத்து அதன் நுனியைப் பிடிக்கச் செய்யுங்கள், மணிக்கட்டு முறுக்காது, கை பிடிக்கக் கூச்சப்படுபவர்களுக்கும் நல்லது. எல்லாச் சிக்கலும் ஒரே வட்டமாக அவிழாது, சில சமயம் இரண்டு வளையமாக முடியும், சில சமயம் அவிழவே அவிழாது. பத்து நிமிடம் ஆனதும் ஓர் இடத்தில் மட்டும் விட்டுப் பிடித்துக்கொள்ள அனுமதி கொடுங்கள், எந்த இடம் என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். பின்பக்கமாகச் சாய்ந்து மற்றவர்கள் தாங்குவார்கள் என்று விழும் ஆட்டம் மட்டும் வேண்டவே வேண்டாம். முறையாகப் பயிற்சி பெற்றவர் இல்லாமல் செய்தால் தலையில்தான் அடிபடும், நம்பிக்கையும் அன்றோடு போய்விடும்.

நடக்கும்போது நீங்கள் என்ன செய்ய வேண்டும்

விதியை ஒரு நிமிடத்துக்குள் சொல்லுங்கள், ஒரு கேள்விக்கு இடம் கொடுங்கள், விசில் ஊதுங்கள், இரண்டடி பின்னால் போய் வாயை மூடிக்கொள்ளுங்கள். இந்தக் கடைசி வேலைதான் நமக்கு மிகவும் கஷ்டம். விடை நமக்குத் தெரியும், பிள்ளைகள் தவிக்கிறார்கள், நாக்கு துடிக்கும். "அந்தப் பக்கம் மடித்துப் பாருங்களேன்" என்று ஒரு வார்த்தை விட்டீர்கள் என்றால் அதற்குப் பிறகு அவர்கள் ஒருவரையொருவர் பார்க்க மாட்டார்கள், உங்கள் முகத்தைத்தான் பார்ப்பார்கள். பாதுகாப்புக்கு மட்டும் பேசுங்கள். முடிக்க முடியாமல் நேரம் போய்விட்டாலும் பரவாயில்லை, முடிக்காத குழுவுக்குப் பேச நிறைய இருக்கும்.

வாய் சும்மா இருக்கும்போது கை ஒரு சின்ன நோட்டில் குறித்துக்கொண்டிருக்கட்டும். யார் முதலில் பேசியது, யாருடைய யோசனை காற்றில் போனது, யார் யாருக்குக் கை கொடுத்தது. பெயரோடு குறியுங்கள்.

உட்கார்ந்து பேசுவது

நிழலில், எல்லோர் முகமும் எல்லோருக்கும் தெரிய வட்டமாக. வெயில் கண்ணில் படும் பக்கத்தில் நீங்கள் உட்காருங்கள். "எப்படி இருந்தது?" என்று கேட்டால் "சூப்பர்" என்ற ஒரே பதில் வரும், அதோடு பேச்சு செத்துவிடும். நடந்ததைக் கேளுங்கள். குச்சி மேலே போனபோது முதலில் என்ன சொன்னீர்கள்? எப்போது இறங்க ஆரம்பித்தது, அதற்குச் சற்று முன் என்ன மாறியது? யாராவது ஒன்றைச் சொல்லி யாரும் கேட்காமல் போனதா? அப்புறம்தான் ஏன் என்ற கேள்வி, அதற்கு அப்புறம் மறுபடி செய்தால் எதை மாற்றுவீர்கள் என்ற கேள்வி. மாற்றுவோம் என்று சொன்னார்கள் என்றால் அதே ஆட்டத்தை உடனே இன்னொரு தடவை கொடுங்கள். இரண்டாம் தடவை நடப்பதை அவர்களே பார்ப்பதைப் போல வேறெதுவும் வேலை செய்யாது, அதற்காக ஒரு புது ஆட்டத்தை விட்டுக்கொடுத்தாலும் தகும்.

கேட்டுவிட்டு உடனே நீங்களே பதில் சொல்லாதீர்கள். மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் 1970-களில் வகுப்பறைகளைக் கவனித்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுச் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று நொடியாக்கியதுமே பதில்கள் நீண்டன, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். மைதானத்தில் நான் மனசுக்குள் பத்து எண்ணுகிறேன். ஏழு எட்டு வரும்போது யாராவது தொண்டையைச் செருமுவார்கள்.

பேச்சு ஒரு பிள்ளைமேல் பழியாகத் திரும்பினால், "அவன் என்ன செய்தான் என்பது இருக்கட்டும், அந்த நேரத்தில் நீ என்ன செய்தாய்?" என்று கேட்டுத் திருப்புங்கள். நோட்டில் குறித்ததை இப்போது எடுங்கள்: "வரிசையாக நிற்கலாம் என்று இவள் இரண்டு தடவை சொன்னாள், மூன்றாவது தடவைதான் உங்களுக்குக் கேட்டது." அந்தப் பிள்ளையின் முகத்தை அப்போது பாருங்கள்.

வர மாட்டேன் என்று நிற்கும் பிள்ளை

ஒவ்வொரு வகுப்பிலும் ஒருவராவது உண்டு. கையைப் பிடித்து இழுக்காதீர்கள், எல்லோர் முன்னாலும் கெஞ்சவும் வேண்டாம். அமெரிக்காவில் 1971-ல் தொடங்கிய புராஜெக்ட் அட்வென்ச்சர் என்ற அமைப்பு பரப்பிய கொள்கை ஒன்று இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரியும், எவ்வளவு தூரம் இறங்குவது என்பதைக் கலந்துகொள்பவரே முடிவு செய்வார் என்பது அது. ஆனால் குழுவை விட்டுப் போய்விடக் கூடாது, ஏதாவது ஒரு வேலையோடு கூடவே இருக்க வேண்டும். நேரம் பார்ப்பது, விதி மீறலைச் சொல்வது, நடப்பதைக் கவனித்துப் பேச்சின்போது முதலில் சொல்வது. கவனிக்கச் சொன்ன பிள்ளைதான் பல சமயம் எல்லோரையும்விடத் துல்லியமாகச் சொல்லும். அடுத்த ஆட்டத்தில் கேட்காமலே வந்து நின்றுகொள்வதும் உண்டு, வராமல் போவதும் உண்டு. சக்கர நாற்காலியில் வரும் பிள்ளையோ காது கேட்காத பிள்ளையோ குழுவில் இருந்தால், அவர் ஓரமாக நிற்க வேண்டிய ஆட்டத்தைத் தேர்ந்தெடுக்கவே செய்யாதீர்கள். உட்கார்ந்தே எல்லோரும் ஆடினாலும் பந்தும் குச்சியும் அதே மாதிரிதான் வேலை செய்யும்.

நேரக் கணக்கு ஒன்று சொல்கிறேன், மூன்று மணி நேரத்துக்கு. வந்து சேர்ந்து, தண்ணீர் குடித்து, மோதிரம் வளையல் கழற்றி வைக்க 15 நிமிடம். பிறந்தநாள் வரிசையும் பிரிப்பதும் 20. பந்து ஆட்டமும் பேச்சும் 35. தண்ணீர், ஓய்வு 15. குச்சி, பேச்சு, மறுபடி குச்சி சேர்த்து 40. கயிறோ தார்ப்பாயோ ஏதாவது ஒன்று, பேச்சோடு 40. மிச்சம் 15 நிமிடத்தை ஒன்றும் வைக்காமல் விடுங்கள், எங்காவது ஒரு பேச்சு நீளும், அதை வெட்டாமல் இருக்க அது வேண்டும். வெயில் கடுமையாக இருந்தால் ஒவ்வொரு 20 நிமிடத்துக்கும் தண்ணீர், தாகம் எடுக்கிறதோ இல்லையோ.

திரும்பி வந்தபிறகு அந்தக் குழுக்களைக் கலைத்துவிடாதீர்கள். ஒரு வாரத்துக்குள் வகுப்பில் நிஜமான ஒரு வேலையை அதே குழுக்களிடம் கொடுங்கள், சுவர்ப்பலகை தயார்செய்வது, நூலகப் புத்தகங்களை அடுக்குவது, எதுவானாலும் சரி. வேலை நடுவில் யாராவது கத்த ஆரம்பித்தால் நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம். "டேய், குச்சி மேலே போகுது" என்று அவர்களில் ஒருவரே சொல்வார்கள்.